மூன்று கிழமைக்கு அசையாத நகம்

போன வருடம், நோன்பு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், காத்தான்குடியில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மனம் அடங்கும். அதனால் முதலில் வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

1. ஒரு மணப்பெண்ணுக்குப் பத்து விரலிலும் அக்ரிலிக் நகம் வைத்தேன்.
2. அதுவரை நான் செய்தவற்றில் அதுதான் ஆகச் சுத்தமான வேலை.
3. கழற்ற வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன் என்றேன்.
4. கூப்பிட்டார்கள்.
5. போனேன். பிந்திப் போனேன்.

எழுதிப் பார்த்தால் ஐந்து வரிதான். அந்த நாலாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் இடையில் ஒரு பின்நேரம் முழுவதும் கிடக்கிறது.

நான் கொழும்பில் ஒரு பயிற்சி நிலையத்தில் நக அலங்காரம் படித்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தவள். கடை கிடையாது. ஸ்கூட்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை செய்கிறேன். அக்ரிலிக் என்பது ஒரு பவுடரும் ஒரு திரவமும். தூரிகையைத் திரவத்தில் நனைத்துப் பவுடரைத் தொட்டால் நுனியில் ஒரு சின்ன மணி சேரும். அதை நகத்தின் மேல் வைத்து, அது இறுகுவதற்குள் அழுத்திப் பரப்ப வேண்டும். இறுகிவிட்டால் கல்.

கொழும்பில் குளிரூட்டிய அறையில் படித்த வேலை, வாவிக்கரை வெக்கையில் வேறு மாதிரி நடந்துகொண்டது. மணி தூரிகையிலேயே இறுகிவிடும். அதற்குப் பயந்து நான் திரவத்தைக் கூட்டுவேன். கூட்டினால் மணி தளர்ந்து ஓடி, நகத்தைச் சுற்றியிருக்கும் தோலில் ஏறும். தோலில் ஏறினால் இரண்டாம் நாளே அந்த ஓரம் எழும்பிவிடும். கல்லடியில் ஒரு வாடிக்கையாளருக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே நகம் கழன்று கறிக்குள் விழுந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "மீன் முள்ளெண்டு நினைச்சு மனுசன் எடுத்து ஓரமா வெச்சிட்டார் கா" என்று போனில் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து, எழும்பாத நகம் வைப்பது ஒன்றே என் குறிக்கோளாகிவிட்டது. பிளாஸ்டிக் கை ஒன்றை வாங்கி மேசையில் பூட்டிவைத்துப் பழகினேன். மணியின் அளவைக் குறைத்தேன். நகத்தின் அடியில் கிடக்கும் மெல்லிய தோலை முற்றாக எடுத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, துடைத்த பிறகு விரலால் தொடாமல், தோலுக்கு ஒரு மயிரிழை தள்ளி மணியை வைக்கப் பழகினேன். "என்ன கா இது, நகத்துக்குக் கொத்து வேலையா?" என்று அம்மா கேட்பார். கேட்டுவிட்டு, தன் கையை மட்டும் எனக்குத் தரமாட்டார்.

காத்தான்குடிப் பிள்ளையின் கல்யாணம் வந்தபோது என் கை சரிப்பட்டிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பின்நேரம் போனேன். அறை முழுக்கப் பெண்கள். பிள்ளையின் மூத்த சகோதரியை எல்லோரும் ராத்தா என்றார்கள். அந்த வீட்டின் நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது. மணப்பெண் அதிகம் பேசவில்லை. ஒரு கையை முடித்து மற்றக் கையைத் தொடும்போது மெதுவாகச் சொன்னாள்:

"மூணு நாளைக்கு நிண்டாக் காணும் மிஸ்."

கறிக்குள் விழுந்த நகத்தின் கதை இவ்வளவு தூரம் வந்துவிட்டதோ என்று எனக்குச் சுருக்கென்றது. என் வேலையில் நம்பிக்கை இல்லாமல்தான் மூன்று நாள் நின்றால் போதும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"மூணு நாளா? மூணு கிழமைக்கு அசையாது" என்றேன்.

ராத்தா விடுவாரா. "கேட்டியா புள்ள, மாப்புள கோவிச்சுக்கிட்டுப் போனாலும் நகம் போகாதாம்." அறையே சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். பிறகு முடித்த கையைத் திருப்பிப் பார்த்தபடி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "லேசாக் கழட்டலாம்தானே?" என்றாள்.

"அதுக்கென்ன. ஒரு போன் எடுங்க, நான் வந்து கழட்டித் தாறன்."

அவள் தலையாட்டினாள். எதற்காகக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டியவை என்று எனக்கு ஒரு வரிசை சொல்லித் தந்திருந்தார்கள். ஒவ்வாமை உண்டா, நகத்தில் காயம் உண்டா, நீளம் எவ்வளவு, நிறம் எது. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டிருந்தேன். எப்போது கழற்ற வேண்டும் என்பது அந்த வரிசையில் இல்லை.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் மதியம் ராத்தாவின் போன் வந்தது. நான் அமிர்தகழியில் ஒரு வீட்டில் இருந்தேன். அங்கே ஒரு வங்கி ஊழியருக்கு இடது கை முடிந்திருந்தது, வலது கை தொடங்கவில்லை.

"தங்கச்சி, இந்த நகத்தை எப்பிடிக் கழட்டுற?"

"இழுத்துப் போடாதீங்க. அசிட்டோன்ல ஊற வெச்சுத்தான் எடுக்கணும். அரை மணித்தியாலத்துக்கு மேல செல்லும். நான் பின்நேரம் வாறன்."

"மஹ்ரிபுக்கு முதல் வந்திருவீங்களா? இண்டைக்குப் பிறை பாக்கிற நாள். அதுக்குள்ள புள்ள குளிக்கணும்."

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

"குளிக்கலாமே, தண்ணி பட்டா ஒண்டும் ஆகாது. அவ்வளவு இறுக்கமா வெச்சிருக்கன்."



"அதில்ல தங்கச்சி... சரி, வாங்க. பாத்துக்கிட்டிருப்பம்."

ரியூஷன் வகுப்பில் காத்தான்குடிப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் நான். தொழுகை நேரம் வந்தால் அவர்கள் எழுந்து போய், முழங்கை வரை ஈரமாகத் திரும்பி வருவார்கள். அந்த ஈரம் என் கொப்பியில் சொட்டியிருக்கிறது. மஹ்ரிப் என்றால் பொழுது படும் நேரத் தொழுகை, பிறை கண்டால் அடுத்த நாள் நோன்பு என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரையும் நான் வைத்த நகத்தையும் ஒன்றாக வைத்து ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு அன்று தண்ணீர் என்றால் நகத்துக்கு எதிரி, அதை உள்ளே விடாமல் அடைப்பது என் கெட்டித்தனம். அவ்வளவுதான்.

அமிர்தகழியில் ஒரு கையோடு யாரையும் விட்டுவிட்டு வர முடியாது. அது நியாயம். ஆனால் அந்த வேலை மூன்று மணி போலவே முடிந்துவிட்டது. நேரே போயிருந்தால் பொழுது நிறைய இருந்தது. கல்லடியில் இன்னொரு வீடு பாக்கி இருந்தது. பாலம் தாண்டினால் அந்த வீடு, அதைத் தாண்டித்தான் காத்தான்குடி. வழியில்தானே, முடித்துவிட்டே போகலாம் என்று ஸ்கூட்டியை நிறுத்தினேன். என்ன சொன்னாலும் நகம் கழற்றுவதுதானே, அலங்காரம் கழற்றுவதற்கு யார் அவசரப்படப் போகிறார்கள் என்ற எண்ணம் உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. கல்லடி வீட்டில் மின்சாரம் நின்றது. அரைவாசி வேலையில் காத்திருந்தேன். அங்கிருந்து ஒரு போன் எடுத்து, கடையில் அசிட்டோன் வாங்கி இப்படி ஊற வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். முச்சக்கரவண்டியில் என் போத்தலையே கொடுத்து அனுப்பியிருக்கலாம். இரண்டும் அன்று தோன்றவில்லை. இப்போது இரண்டும் சேர்ந்து தோன்றுகின்றன.

காத்தான்குடிக்குள் நுழையும்போது பொழுது பட்டுவிட்டது. பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களுக்கு இரண்டு பக்கமும் சனம். ஒவ்வொரு கடையிலும் நோன்புச் சாமான் வாங்குகிற கூட்டம். ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மஹ்ரிப் பாங்கு சொல்லி முடிந்தது.

ராத்தாதான் கதவைத் திறந்தார். முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"கழட்டியாச்சு தங்கச்சி. வாங்க, இருங்க."

மேசையில் ஒரு பீங்கான் கோப்பைத் தட்டு. அதற்குள் என் பத்து நகங்களும் கிடந்தன. வடிவம் கெடவில்லை, ஒரு வெடிப்பும் இல்லை. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக, மெல்லிய வெங்காயச் சருகு போல ஒரு படலம் ஒட்டியிருந்தது. அது அக்ரிலிக் அல்ல. அவளுடைய சொந்த நகத்தின் மேற்தட்டு. நான் வைத்தது அவளை விடவில்லை. விடாமல் அவளில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தது.

பெருவிரல் நகத்தின் அடியில் இரத்தம் காய்ந்திருந்தது.

"போன்ல ஒரு வீடியோ பாத்தம். நூல உள்ளுக்கு விட்டு இழுக்கச் சொன்னாங்க. பெருவிரல் மட்டும்தான் மக்கர் பண்ணிட்டு" என்றார் ராத்தா.

"கொஞ்சம் பாத்திருக்கலாமே, வந்திருப்பனே" என்றேன். சொன்ன வேகத்திலேயே சொல்லியிருக்கக்கூடாது என்று விளங்கிவிட்டது.

"பிறை நமக்காகக் காத்துக்கிட்டிருக்குமா தங்கச்சி?"

பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்வது போலச் சொன்னார். "கல்யாணத்தண்டைக்குப் புள்ளைக்கு மாத நாள், தொழுகை இல்ல. அதாலதான் நகம் வைக்க விட்ட. இண்டைக்குச் சுத்தம். குளிச்சுத் தொழணும். நகத்துல தண்ணி படாட்டி எங்களுக்கு அது குளிப்பில சேராது. கல்யாணம் முடிச்சு முதல் நோன்பு. இண்டைக்கு ராத் தராவீஹ் தொழுகை தவறக்கூடாதெண்டு புள்ள ஒத்தக் கால்ல நிண்டிச்சு."

மூணு நாளைக்கு நிண்டாக் காணும் என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்குள் போய்ச் சேர்ந்தது. அவள் என் வேலையைச் சந்தேகிக்கவில்லை. தனக்கு வேண்டியது எதுவோ அதை, அத்தனை பேருக்கு நடுவில் சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்லியிருந்தாள்.

அசிட்டோன் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். உள்ளறையில் அவள் தொழுதுகொண்டிருந்தாள். தொழுது முடித்து, தலையை மூடிய வெள்ளைத் துணியோடு வெளியே வந்தாள். பெருவிரலைச் சுற்றியிருந்த சீலைத் துண்டைத் தொழுகைக்காக அவிழ்த்திருந்தாள் போல, கையிலே சுருட்டிப் பிடித்திருந்தாள். மற்ற நகங்கள் சிவந்து, சுரண்டிய சுவர் மாதிரி இருந்தன.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"பரவாயில்ல மிஸ். நீங்க நல்லாத்தான் வெச்சிருந்தீங்க. ஒரு பக்கமும் எழும்பல்ல."

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே பாராட்டினாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"எரியுதா?"

"தண்ணி பட்டா மட்டும்."

ஒரு நாளைக்கு ஐந்து தரம், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்கிறவள் அவள். நோன்பு மாதம் முழுக்க அடுப்படி வேறு. "எலுமிச்சம்பழம் மட்டும் மாப்புளையப் பிழியச் சொல்லணும்" என்று ராத்தா சொல்ல, அவள் முகம் சிவந்து சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

வெளியே ஒலிபெருக்கியில் பிறை கண்ட அறிவிப்பு வந்தது. அந்த வீடு உடனே வேறு வீடாகிவிட்டது. யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள், யாரோ சட்டியைக் கழுவ ஓடினார்கள். காயத்துக்குப் பூசும் களிம்பையும் நகத்துக்கான எண்ணெயையும் மேசையில் வைத்தேன். எப்படிப் பூசுவது என்று ராத்தாவிடம் ஒழுங்காகச் சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல எனக்கு எப்போதும் வரும். தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டோம் என்று நிறுத்திவைத்து, குடித்த பிறகுதான் விட்டார்கள்.

இரண்டு தரம் போன் எடுத்து விசாரித்தேன். சுகம் என்றார்கள். அந்தப் பெருநாளுக்கு அவள் வட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருந்தாள். வட்டிலாப்பத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெருவிரல்கள் தட்டுக்கு அடியில் மறைந்திருந்தன.

ஒரு பெருவிரல் நகம் முழுதாக வளர்ந்து வர ஆறு மாதம் போல ஆகும். அது எப்போதோ வளர்ந்திருக்கும். இப்போது கல்யாண வீடுகளுக்குப் போனால், பெட்டியைத் திறக்குமுன் எப்போது கழற்ற வேண்டும் என்று கேட்கிறேன், மற்றவர்களை அறையை விட்டு அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். சில பிள்ளைகளுக்கு, அக்ரிலிக் வேண்டாம், படமெடுத்ததும் நீங்களே எடுத்துவிடக்கூடிய ஒட்டு நகம் போதும் என்று நானே சொல்லிவிடுகிறேன். என் வேலையில் எழும்பல் என்ற குறை இப்போது வருவதில்லை. அதை நினைத்துப் பெருமைப்பட வாய் எடுத்தால், அந்தத் தட்டும் அதில் கவிழ்ந்து கிடந்த பத்து நகங்களும்தான் கண்ணுக்குள் வருகின்றன.

அந்த வீட்டிலிருந்து மறுபடி யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இந்த வருடம் அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் முடிந்ததாக இன்னொரு வாடிக்கையாளர் சொன்னார். கைக்கு மருதோன்றி மட்டும்தானாம். கேட்டதும் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் அந்த வீட்டார் எடுத்த முடிவு சரி என்றே எனக்கும் படுகிறது.