லைன்பேக்கருக்கு ஒரு அர்ச்சனை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறேன். கோயில் என்றால், வாடகைக்கு எடுத்த ஹோல்தான்.

"பேர்?" என்றார் ஐயர்.

"பிலிப்போ."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. ஆள் சமோவன்."

"சரி... என்ன வேண்டுதல்?"

"அவரின்ட டீம் இந்த முறை டிராஃப்டில லைன்பேக்கர் ஒருத்தரையும் எடுக்கக்கூடாது."

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டார். "சுவாமி பேரிலயே செய்துவிடுறன். அவருக்கு விளங்கும்."

சுவாமிக்கு விளங்கும். பிள்ளைகளே, உங்களுக்கு? சொல்கிறேன்.

இங்கே நியூசிலாந்தில், மங்கரேயில் சரக்கு ஷெட்டில் என்னோடு வேலை செய்பவர் சியோனே, சமோவாத் தீவுக்காரர். அவருடைய தம்பிதான் பிலிப்போ. சின்ன வயதிலேயே மாமா வீட்டுக்கு அமெரிக்கா போனவர். இப்போது அங்கே ஹெல்மெட் போட்டு முட்டி மோதுகிற அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறார் — அதுதான் அவருடைய தொழில். இடம், லைன்பேக்கர். முன்வரிசையில் லொறி மாதிரி நிற்பவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எதிர் அணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறதா, எறியப்போகிறதா? கண் இமைக்க முதல் கண்டுபிடித்து, எல்லோருக்கும் கத்திச் சொல்லி, தானும் பாய வேண்டும். சியோனே வீட்டில் வீடியோ கசெட்டில் பார்த்தேன். மலைத்துப்போனேன்!

ஆனால் பிலிப்போவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. அவரையே மறுபடி எடுப்பதா, டிராஃப்டில் ஒரு இளம் ஆளை எடுப்பதா என்று அவருடைய டீம் யோசிக்கிறது.

டிராஃப்ட் என்பது நல்ல ஏற்பாடு. யூனிவர்சிட்டியில் விளையாடிய பெடியன்களை டீம்கள் வருஷத்துக்கு ஒருமுறை வரிசையாகத் தெரிவு செய்யும். யாருக்கு முதல் தெரிவு? போன வருஷம் மோசமாகத் தோற்ற டீமுக்கு! கடைசியாக வந்தவனை முதலில் கூப்பிட்டு, "உனக்கு வேண்டியதை எடு" என்று சொல்கிற இடம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம்.

இளம் ஆளுக்குக் கால் வேகம். சம்பளமும் குறைவு. பழைய ஆளுக்கு முழங்காலில் தழும்பு... ஆனால் பந்து எங்கே போகப்போகிறது என்று பந்துக்கு முதல் அவருக்குத் தெரியும். நான் பழைய ஆள் பக்கம். அதனால்தான் அந்த அர்ச்சனை.

ஹில்ஸ்பரோவில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வருகிறோம். காரில் என் மகள் துஷா கேட்டாள்.

"அப்பா, வட் அபவுட் த அதர் கை?"

"எந்த மற்ற ஆள்?"

"தே ஷுட் பிக் சம்வன், நோ? அவன்ட அப்பாவும் சேர்ச்சில ப்ரே பண்ணுவார்தானே?"

முன்னால் போன பஸ்ஸைப் பற்றி ஏதோ சொன்னேன். ஒருவருக்கு நல்லது கேட்கப் போய், முகம் தெரியாத ஒரு பெடியனுக்குக் குறுக்கே தேங்காய் உடைத்துவிட்டு வந்திருக்கிறேனே!

சுவாமி துஷா பக்கம்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் சியோனே தலை நிமிராமல் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார். சாதாரணமாக ஷெட் அதிரப் பாடுகிற மனுஷன்.

"எடுத்திட்டாங்கள், நேஸ்," என்றார் கடைசியில் என்னிடம். "முதல் ரவுண்டிலயே. லைன்பேக்கர்."

"பிலிப்போ?"

"ஒருத்தரும் அவனை ஒரு ஃபோன் பண்ணிக்கூடக் கேட்கேல்லை, ப்ரோ."

பிறகு சில கிழமைகள் ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் வேறொரு டீம் கூப்பிட்டது. எடுக்கிறோம் என்று அல்ல — வந்து ஓடிக் காட்டு என்று. சியோனேக்கு வந்த கோபம்!

"இவ்வளவு வருஷம் விளையாடினதெல்லாம் டேப்பில கிடக்கு! இனி என்னத்தை ஓடிக் காட்டுறது? ஸ்கூல் பெடியனோ அவன்?"

நான் சிரித்தேன். எங்கள் ஆட்களுக்கு இது புதிதா? கொழும்பில் ஒரு வார்டையே நடத்திய டொக்டர், இங்கே வந்து மறுபடி சோதனை எழுதுகிறார். இருபது வருஷம் கணக்குப் பார்த்தவரிடம் கேட்கிறார்கள், "நியூசிலாந்து எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" நேற்று வந்தவரிடம் இருந்தால்தானே!

சியோனேயிடம் இதைச் சொன்னேன். "அப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார்.

"சில பேர் வீட்டில இருந்து திட்டுவம். சில பேர் திட்டிப்போட்டு எழுதப்போவம்."

பிலிப்போ போனார். டிராஃப்டில் யாரும் எடுக்காத இளம் பெடியன்களோடு வரிசையில் நின்றார். அதில் ஒருவன் அவரைக் கோச் என்று நினைத்து, "குட் மோர்னிங், சேர்" என்றானாம்! அவரும் "குட் மோர்னிங்" சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றாராம். ஓட்டத்தில் அனேகம் பேர் அவரை முந்திவிட்டார்கள். பிறகு மைதானத்தில் ஆட்களை நிறுத்தி ஆடவிட்டபோது, பந்து நகர முதலே "இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்திக்கொண்டு அங்கே போய் நின்றிருக்கிறார். பந்தும் அங்கேயே வந்தது. டீம்காரர் "போய் வாங்கோ, அறிவிக்கிறம்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த வசனமும் எங்களுக்கு நல்ல பழக்கம்!

போன வியாழன், ஸ்மோகோ என்கிற வேலை இடைவேளை நேரம். தேத்தண்ணியோடு இருக்கிறோம். சியோனேக்கு ஃபோன் என்று ஒஃபிஸில் இருந்து கூப்பிட்டார்கள். போனவர் திரும்பி வந்து, என்னை அப்படியே தூக்கினார். என் தேத்தண்ணி முழுக்க அவருடைய முதுகில்.

"சைன் பண்ணிட்டாங்கள், நேஸ்! ஒரு வருஷம்!"

"ஒரு வருஷம்தானா?"

"ஒரு வருஷம் காணும், ப்ரோ! அடுத்த வருஷம் கேட்டா, அடுத்த வருஷம் ஓடுவான்."

கீழே இறக்கிவிட்ட பிறகு, எனக்கிருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "அந்தப் பெடியன்களோட நிக்கவிட்டு ஓடச் சொன்னதுக்கு, பிலிப்போவுக்குக் கோபம் வரேல்லையாமோ?"

"வராமல்? முழுக் கோபத்தோடதான் ஓடினானாம்!"

எனக்கு அந்த மனுஷனை மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். கோபமே வராத பெரிய மனுஷர்களைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லித்தருவார்கள். நான் அப்படி ஒருவரையும் கண்டதில்லை. பிள்ளைகளே, உங்களிடமும் ஒருநாள் யாராவது வந்து, "எங்கே, இன்னொருக்கா ஓடிக் காட்டு" என்பார்கள். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கேட்பார்கள்.

தாராளமாகக் கோபப்படுங்கள்... ஆனால் ஓடிக்கொண்டே!