பிடியரிசி மிஷனரி

எங்கள் ஊர் வேதக்கோயிலில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கென்று ஒரு வேதபாடக் கூட்டம் நடக்கும். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். ஐயர் குடியிருக்கும் பங்களாவின் கூடத்தில் பெரிய கோரைப்பாயை விரித்து, ஊரில் அவரவர் வீட்டுக்கு என்ன கௌரவமோ அந்த வரிசைப்படி உட்காருவோம். பரலோகத்திலும் இதே வரிசைதான் என்று யாரோ எழுதிக் கொடுத்தது போல ஒருவரும் இடம் மாறியதில்லை. நான் கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். எனக்குப் பாயின் ஓரம். பாதி உடம்பு தரையில் இருக்கும்.

வேதபாடம் என்றால் பெரும்பாலும் ஒப்பிப்பதுதான். போன வாரம் கொடுத்த வசனத்தை மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். அர்த்தம் கேட்கிறவள் அடக்கமில்லாதவள். கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட கதையை ஒரு கோடை முழுவதும் படித்தோம். அந்தக் கிணறு எத்தனை ஆழம் இருக்கும், அவளுக்கு ஐந்து புருஷன்மார் எப்படி அமைந்தார்கள் என்றெல்லாம் அலசித் தீர்த்தோம். புருஷன்மார் விஷயத்துக்கு வந்தபோது மட்டும் பொழுது போனதே தெரியவில்லை. அவள் தொட்ட பாத்திரத்தில் யூதர்கள் வாய் வைக்கமாட்டார்கள் என்று ஐயரம்மா விளக்கியதும் எல்லோரும் உச்சுக்கொட்டினோம். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் கோயில் கிணற்றில் பின் தெருக்காரர்கள் வாளி போடக்கூடாது என்று வைத்திருந்தோமே, அது வேறு சமாச்சாரம். அது ஊர் வழக்கம். அதையும் வேதத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற வேலை எங்களிடம் கிடையாது.

பின் தெரு என்பது கோயில் மதிலை ஒட்டியே இருந்தது. நாங்கள் பாடுகிற கீர்த்தனை அவர்களுக்கும், அவர்கள் அடிக்கிற பறை எங்களுக்கும் நன்றாகவே கேட்கும். அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி தினமும் வந்து பங்களா வாசலைப் பெருக்கிவிட்டுப் போவாள். அவள் முதுகு எங்கள் எல்லோருக்கும் தெரியும். முகத்தை யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஜன்னலுக்கு வெளியே ஒரே இடத்தை வெகுநேரம் பெருக்கிக்கொண்டிருப்பாள். சரியான சோம்பேறி என்பார் ஐயரம்மா. மழை பொய்த்த ஒரு வருஷம் பின் தெருவில் பாதிப்பேர் கூலிக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் வாசலை வேறொருத்தி பெருக்கினாள். எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் கூட்டத்துக்குக் கடல் கடந்த ஆத்துமாக்கள்மேல் பாரம் வந்தது. மற்ற சபைகளெல்லாம் மிஷனரி அனுப்புகின்றன, நாம் அனுப்பாமல் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்று ஐயரம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. பிடியரிசி ஆரம்பித்தோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து ஊழியத்துக்கென்று தனிக் கலயத்தில் போட வேண்டும். மாமியார் எதிரே இருந்தால் மருமகளின் பிடி பெரிதாகும். மாமியார் அங்கிட்டு நகர்ந்தால் சிறிதாகும். புழு வைத்த அரிசிக்கு ஆண்டவருடைய கலயத்தைவிட வசதியான இடம் எந்த வீட்டிலும் இல்லை. காணிக்கைப் பையில் புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசும் விழும். அம்மன் உட்கார்ந்திருக்கிற காசை இயேசுவுக்குப் போடலாமா என்று ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சமஸ்தான எல்லை தாண்டினாலே செல்லாத காசு கடல் தாண்டிச் செல்லுமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

அரிசி சேர்ந்துவிட்டது, போவதற்குத்தான் ஆள் இல்லை. ஒப்பிப்பதில் கெட்டிக்காரிகளுக்கெல்லாம் திடீரென்று குழந்தை, மாடு, முழங்கால் வலி என்று கடமைகள் முளைத்தன. எனக்குக் குழந்தையும் இல்லை, மாடும் இல்லை. என்னைத் தேவன் அழைக்கிறார் என்பது ஐயரம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அடுத்தபடியாக என் அண்ணிக்குத் தெரிந்தது. எனக்குக் கடைசியாகச் சொன்னார்கள். ஆனாலும் பொய் சொல்லமாட்டேன், எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பாயின் ஓரத்தைவிட்டு எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது. புதுக்கோட்டை ஸ்டேஷனில் மாலை போட்டு, கண்ணீர் விட்டு, என்னை ரயிலேற்றினார்கள்.

தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் மண்டபம் முகாமில் கூலி ஜனங்களோடு அடைத்துவைத்து, பிறகு கப்பலில் ஏற்றினார்கள். குமட்டிக் குமட்டிக் கரையேறி, மலைமேல் ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குத் திரும்புகிற நேரத்தில் அந்த லயத்து முற்றத்தில் என் பாடம் நடக்கும். முதல் நாள் எனக்கு நன்றாகத் தெரிந்த கிணற்றடிக் கதையையே எடுத்தேன். ஆழம், ஐந்து புருஷன் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். எதையும் அவர்கள் கேட்கவில்லை. முடித்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வேறொன்று கேட்டாள்.

"அன்னையிலருந்து அந்தப் பொம்பளைய மத்தவங்களோட சேந்து தண்ணி எடுக்க விட்டாங்களாங்க?"

எனக்குத் தெரியவில்லை. வேதத்திலும் போடவில்லை. ஒரு கோடை முழுவதும் படித்தும் எங்களில் ஒருத்திக்குக்கூட இந்தக் கேள்வி வரவில்லையே என்று திகைத்துப் போனேன். என் விசுவாசம் என்று ஏதாவது இருந்தால் அது வளர ஆரம்பித்தது அந்த முற்றத்தில்தான். அதற்கு முன் இருந்ததெல்லாம் மனப்பாடம். கேட்டவளே பேச்சை மாற்றினாள்.

"நீங்க பாடினதுமே கண்டுக்கிட்டேன். கூட்டத்துல ஒங்க கொரலு மட்டும் தனியா இழுத்துக்கிட்டுப் போகும். மதிலுக்கு அங்கிட்டு நீங்க, இங்கிட்டு நாங்க. நாந்தான் பங்களா வாசல் பெருக்குனேன். இந்தச் சேதிய அங்கனயே சொல்லியிருக்கலாமுல்ல, எதுக்குங்க இம்புட்டுத் தூரம் கப்பலேறி வந்தீங்க?"

குத்திக் காட்டக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. மதிலைத் தாண்டி ஒரு கீற்றுப் படலைத் தட்டியிருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு, ஒரு சபையே உலை அரிசியைக் கிள்ளிக் கிள்ளி என்னைச் சமுத்திரம் தாண்டி அனுப்பியிருந்தது. அந்த லயத்தில் முக்கால்வாசிப்பேர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள்.

அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள். பிறகு நிற்காமல் படித்தாள். ஞானஸ்நானம் பெற்றாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஊருக்குப் போனால் அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், அந்தப் பாயில் உட்கார்ந்து, ஒரு நாளாவது பாடம் கேட்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நின்று பாதி பாதியாகக் கேட்டது போதும் என்றாள். பல வருஷம் கழித்து அவளுக்கு லீவு கிடைத்தபோது நானும் கூடவே புறப்பட்டேன். அவள் ஆசை நிறைவேற அவளை யாரென்று சொல்லிக் கூட்டிப்போவது என்று கப்பல் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளைச் சேலையும் கை நீளமான ரவிக்கையுமாய், கையில் குடையும் வேதபுத்தகமும் பிடித்து அவள் கூடத்துக்குள் நுழைந்தாள். தோட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், இலங்கையிலிருந்து வந்திருக்கிறார் என்று சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. எங்கள் பிடியரிசி காய்த்துக் கனிந்து நேரிலேயே வந்துவிட்டது என்று கூட்டம் பூரித்துப் போயிற்று. ஐயரம்மா நாற்காலி போடச் சொன்னார். அவள் வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தாள். என்ன தாழ்மை பாருங்கள் என்று மற்றவர்களுக்குக் காட்டிவிட்டு, அவளைத் தன் பக்கத்திலேயே, வரிசையின் தலைமாட்டில் உட்கார்த்திக்கொண்டார். வெள்ளைக்காரத் துரைசானி வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. முகத்தை எல்லோரும் ஆசை தீரப் பார்த்தார்கள். முதுகைத் திருப்பிக் காட்டியிருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும்.

அவள் காப்பியை நிதானமாக உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கையில், உங்கள் பூர்வீகம் எந்த ஊர் என்று ஐயரம்மா பிரியமாக விசாரித்தார்.

"இந்த ஊருதாங்கம்மா. கோயிலுக்குப் பின்னால தெரு. ஒங்க வாசலத்தான் பெருக்கிக்கிட்டிருந்தேன்."

முன்வரிசை அம்மாள் முந்தானையை இழுத்துச் சுருட்டிக்கொண்டார். பாய் மெல்ல மெல்ல அவளைச் சுற்றிக் காலியாயிற்று. ஐயரம்மாவின் கண் அவளைப் பார்க்கவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மிச்சக் காப்பியையும் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்தாள். மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தாள்.

"இன்னைக்கு எந்த அதிகாரங்கம்மா?"

ஜெபத்தோடு முடித்துக்கொள்வோம் என்றார் ஐயரம்மா. மணிக்கணக்கில் ஜெபிக்கிறவர் அன்றைக்கு ஆமென் சொன்ன வேகத்தில் பாதிப்பேர் கண்ணையே மூடியிருக்கவில்லை. மறு வெள்ளிக்கிழமை ஐயரம்மாவுக்குத் தலைவலி, கூட்டம் இல்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் தலைவலி. அவள் லீவு முடிகிற வரை அந்தத் தலைவலி விடவே இல்லை. வெள்ளி டம்ளரை நெருப்பில் வாட்டினார்கள் என்றும், பிறகு தட்டானிடமே கொடுத்து அழித்துவிட்டார்கள் என்றும் கேள்வி. பிடியரிசியை மட்டும் நிறுத்தவில்லை. இலங்கையில் இன்னும் இருளில் கிடக்கும் ஜனங்களுக்காக அது வீடு வீடாகச் சேர்ந்துகொண்டேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பங்களா வரை வந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவளுக்கு வரவில்லை. திரும்பிப் போகிற நாளில் நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இந்த முறை மாலையும் இல்லை, கண்ணீரும் இல்லை. ரயில் நகர்ந்தபோது அவள் ஜன்னல் வழியாக ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிட்டு நம்ம லயத்துல கூட்டம் நிக்காம நடக்குது. இங்கிட்டுத்தான் பாவம், நின்னு போச்சு. இந்தச் சனங்களுக்கு யாருங்க வந்து சொல்லுவா? கடலு தாண்டித்தான் யாராச்சும் வரணும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடி அவர்களுக்காக ஜெபம் பண்ணினாள். நான் பண்ணவில்லை.