இரண்டு வீட்டுக்கு ஒரு கடதாசி

வெளிநாட்டு அரசொன்று தன் பழைய தூதரகக் கோப்புகளைத் திறந்துவிட்டபோது, காணாமல் போனவர்களைப் பற்றி நான் ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பக்கங்களில் கறுப்பு மை. திறந்தார்களாம், பெரிய மனசுதான். தடுப்பு முகாமில் இறந்த ஒருவரைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது: ஊர் அரியாலை, தகப்பனின் பெயர் முழுதாக, சொந்தப் பெயருக்கு முதலெழுத்து மட்டும், இறந்த திகதி.

அந்தத் தகப்பனின் இரண்டு மகன்களும் ஒரே நாளில் பிடிபட்டுக் காணாமல் போனவர்கள். மூத்தவரைக் கட்டிய அக்காவும் இளையவரைக் கட்டிய தங்கையும் இன்னும் ஒரே வளவில் இருக்கிறார்கள், இருவர் நெற்றியிலும் குங்குமம். மூத்தவரின் பெயர் அந்த எழுத்தில் தொடங்கியது. இளையவரை எல்லாரும் கூப்பிட்ட பெயர் வேறு எழுத்து. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த வரியை முன்கூட்டிச் சொல்லாமல் கமராவுக்கு முன்னால்தான் அவர்களுக்கு வாசித்தேன். முகங்கள் உண்மையாக இருக்கவேண்டுமாம். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. ஒற்றை எழுத்துக்குப் பதிலாக மூத்தவரின் முழுப்பெயரையே சொன்னேன். தங்கை வாய்விட்டு அழுதார். தபால் கந்தோரில் வேலை செய்த அக்கா கடதாசியை வாங்கிக் கனநேரம் பார்த்துவிட்டு, "ஓம், இவர்தான்" என்றார். அந்தக் கிழமையே ஐயரிடம் திகதியைக் கொடுத்துத் திதி பார்த்தார்கள். கீரிமலைக் கடற்கரையில் கிரியை நடந்தது. அக்கா குங்குமத்தை அழித்தார்.

பிறகொருநாள் தங்கையின் விவாகப் பதிவைப் படம்பிடிக்கும்போதுதான் கண்டேன். இளையவருக்கு நாங்கள் அறிந்தது வீட்டுப் பெயர். அவர் கணவரின் பதிவுப் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு பெயர் என்பது எனக்குத் தெரியாததா? எனக்கே இரண்டு இருக்கிறது.

அக்காவைத் தனியே கண்டு சொன்னேன்.

"அண்டைக்கே தெரியும் பிள்ளை," என்றார்.

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?"

"ரெண்டு பேரிலை ஆரோ ஒராள் செத்திட்டார். ஆரெண்டு தெரியாட்டி நாங்கள் ரெண்டு பேரும் சாகுமட்டும் கிடந்து உத்தரிக்கோணும். அவள் தாங்கமாட்டாள். நான் காத்திருந்து களைச்சுப் போனன். உதை அவளிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ."

மறைத்த பக்கங்களைக் கேட்டு அந்த அரசுக்குத் திரும்பத் திரும்ப எழுதினேன். தர இயலாது என்று ஒரே பதில். படத்தில் அந்தக் காட்சியை மாற்றவில்லை. மறைத்த சரித்திரத்தை வெளியே கொண்டுவந்தேன் என்று பாராட்டினார்கள். அந்த அரசு மை பூசிய கோப்பில் நானும் ஒரு வரிக்குப் பூசியிருந்தேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

படம் காட்டி முடிந்ததும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காவின்ரை ஆளைத்தானே அதிலை எழுதிக் கிடக்குது. என்ரை ஆளின்ரை பேர் இல்லையெண்டால், அவர் உயிரோடை இருக்கிறார்தானே, பிள்ளை?"

"ஓம்" என்றேன்.