தெருவுக்கெல்லாம் ஒரே அட்டிகை

முப்பதுகளில் வந்த அந்த வியாபார மந்தம் நாலைந்து வருஷத்தில் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பேப்பரிலும் அப்படித்தான் எழுதினார்கள். யாருக்கய்யா சரியாயிற்று என்று எழுதியவர்களை நிறுத்திக் கேட்க வேண்டும் என்று முன்பெல்லாம் ஆத்திரம் வரும். இப்போது அதற்குக்கூடத் தெம்பு இல்லை. நெல் விலை ஏறிற்று, துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது, ஜவுளிக்கடையில் கூட்டம் சேர்ந்தது, எல்லாம் வாஸ்தவம். எங்கள் வீட்டில் மட்டும் மந்தம் வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒரு சின்னத் தெருவில் குடியிருந்தோம். அப்பா கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமை குமாஸ்தா. தோலும் நிலக்கடலையும் சீமைக்கு ஏற்றுமதி செய்கிற கம்பெனி. வீட்டுக்குள் செருப்பு வரக்கூடாத குடும்பம் தோல் வியாபாரத்தில்தான் சாப்பிட்டது. காகிதத்தில் மட்டும் பார்த்ததால் தீட்டு ஒட்டவில்லை போலிருக்கிறது. காலையில் கோட்டும் தலைப்பாகையுமாக டிராம் ஏறுவார். சாயங்காலம் வரும்போது அக்காவுக்கும் எனக்கும் கையில் ஏதாவது இருக்கும். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்றபோது அவரும் ஒரு மனை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை அழைத்துப் போய், வெறும் பொட்டல் மண்ணில் நின்று, இது கூடம், இது சமையலறை என்று நடந்து காட்டுவார்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது எல்லாம் இறங்க ஆரம்பித்தது. முதலில் சம்பளத்தைக் குறைத்தார்கள். பிறகு இன்னொரு தடவை குறைத்தார்கள். பிறகு ஒரு நாள் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். "நிலைமை சரியானதும் கூப்பிடறேன்னு துரை கையைப் பிடிச்சுண்டு சொன்னார்" என்று அம்மாவிடம் சொன்னார். துரை கையைப் பிடித்தார் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அந்தக் கோட்டை அம்மா மாதம் ஒரு முறை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைப்பாள். எத்தனையோ வருஷம் அப்படிச் செய்தாள்.

பணமுடை என்றால் விலையெல்லாம் ஏறியிருக்கும் என்றுதான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. எல்லாம் கொள்ளை மலிவு. கூடை சுமந்து வரும் காய்கறிக்காரி வாசலில் குந்தி உட்கார்ந்து புலம்புவாள். "இன்னாத்தச் சொல்றது அம்மா, எல்லாம் மலிவாத்தான் கீது, வாங்கறதுக்கு யார் கையில துட்டு கீது? காலையிலேர்ந்து சுத்திக்கினு கீறேன், பாதிக் கூடை அப்படியே கீது." அம்மா கால் வீசை கத்தரிக்காய் வாங்குவதற்கு அரைமணி நேரம் யோசிப்பாள். பாட்டு வாத்தியார் நின்றார். மின்சாரம் நின்றது. இரண்டு வேளைக் காப்பி ஒரு வேளையாயிற்று. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். மாம்பலத்து மனை, வாங்கின விலையில் பாதிக்குப் போயிற்று.

பிறகு தங்கம். சீமையில் நாணயக் கணக்கில் ஏதோ மாற்றினார்களாம், தங்கம் மட்டும் விலை ஏறிற்று. "இந்த விலைக்கு இனிமே ஜன்மத்துல வராது" என்றார் அப்பா. அம்மாவின் காசுமாலை, ஒட்டியாணம், அக்காவுக்கென்று சேர்த்து வைத்திருந்த அட்டிகை, வளையல்கள், எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போயின. தாலியும் தோடும் மூக்குத்தியும் மிஞ்சின. அந்த விலைக்கு இனிமேல் வராது என்று அப்பா சொன்னது ஒருவிதத்தில் சரி. அதைவிட மேலே மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. ஆனால் யாரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டும் வந்த அவமானம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது. நவராத்திரிக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போட்டுக்கொண்டு போக வெட்கப்பட்டு, மாமிகளுக்கு அந்த வருஷம் ஒட்டுமொத்தமாக ஜலதோஷம் வந்தது.

ஒரே ஒரு வீடுதான் தப்பித்தது. எதிர் வீட்டு மாமா ஓய்வுபெற்ற முன்சீப். விலையெல்லாம் இறங்க இறங்க, மாறாத பென்ஷன்காரருக்கு யோகம். ஊரே வாடுகிறபோது அவர்கள் வீட்டில் இரண்டாவது பசு வாங்கினார்கள். அந்த மாமி நல்லவள், அதையும் சொல்ல வேண்டும். அவளிடம் ஒரு கெம்பு அட்டிகை இருந்தது. நடுக்கல்லுக்கு இடது பக்கத்துக் கல் ஒன்று எப்போதோ விழுந்து, வேறு கல் வைத்துக் கட்டியது. மற்றதெல்லாம் மாதுளை முத்தின் நிறம், அது மட்டும் வெளிறிய ரோஜா நிறம். யாராவது வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மாமி அதைக் கொடுப்பாள். விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். கொல்லைப்புறமாகப் போகும், கொல்லைப்புறமாக வரும். எந்த வீட்டுக்குப் போயிற்று என்று மாமி வாயைத் திறக்க மாட்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வரன் வருவதை நிச்சயமாகும் வரை வெளியில் சொல்லக்கூடாது. சொன்னால் கண்பட்டுத் தட்டிப்போகும். அடுத்த வீட்டு மாமி துருவித் துருவிக் கேட்டாலும், "இப்ப எங்கே, ஒண்ணும் இல்லையே" என்றுதான் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வழக்கமும் சேர்ந்துதான் எங்கள் குடியைக் கெடுத்தன.

அக்காவுக்குப் பதினேழு முடிந்திருந்தது. அந்த நாளில் எங்களவர்கள் கணக்கில் அது ரொம்பத் தாமதம். மாம்பலத்தில் புது வீடு கட்டியிருந்த ஒரு குடும்பத்திலிருந்து ஜாதகம் பொருந்தி வந்தது. பையன் பி.ஏ., சர்க்கார் உத்தியோகம். அப்பா இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அவர்கள் பெண் பார்க்க வருகிற அன்றைக்குத்தான் விசில் அடித்துக்கொண்டு முகம் மழித்துக்கொண்டார். அம்மா கடன் வாங்கிய நெய்யில் சொஜ்ஜி கிளறினாள். எதிர் வீட்டு அட்டிகை கொல்லைப்புறமாக வந்தது. அக்கா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பற்றிக் கேட்டதெல்லாம் பிடித்திருந்தது. நிறையப் படிப்பாராம் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்குப் பத்து வயது, என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆனாலும் சொன்னாள்.

வந்தார்கள். அக்கா நமஸ்காரம் பண்ணினாள். பாடினாள். பையனின் அம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, அட்டிகையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒங்காத்து அட்டிகையா?"

"ஆமா, எங்கம்மா எனக்குப் போட்டது" என்றாள் அம்மா. பாவம், அவள் பொய் சொல்லிப் பழகினவள் இல்லை. குரல் சற்று ஓங்கிவிட்டது.

அந்த அம்மாள் வெளிறிய கல்லின் மேல் விரலை வைத்தபடி, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். "போன வெள்ளிக்கிழமை இதே தெருவுல மூலையாத்துப் பொண்ணைப் பார்க்க வந்திருந்தோம். அவ கழுத்துலயும் இதான் இருந்துது. ரெண்டு பேருக்கும் நன்னாத்தான் பொருந்தறது."

பையன் தரையைப் பார்த்தான். அப்பா எழுந்து, எதற்கென்று தெரியாமல், ஜன்னல் கதவைத் திறந்தார். அவர்கள் காப்பியை மீதம் வைக்காமல் குடித்துவிட்டு, "ஆத்துக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்று கிளம்பினார்கள். கடுதாசி வரவில்லை. மூலை வீட்டுக்கும் போகவில்லை.

அவர்களைத் திட்டியும் பிரயோஜனமில்லை. புது வீடே கடனில் கட்டியதாம், பையன் கல்யாணத்தில் வருவதை வைத்துத்தான் அதை மீட்பதாக இருந்தார்களாம். அடுத்த வருஷம் வீடு ஏலத்துக்குப் போயிற்று என்று கேள்விப்பட்டோம். அவர்களும் எங்களைப் போலத்தான் நல்ல புடவை கட்டிக்கொண்டு பிறத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்.

மூலை வீட்டு மாமி எங்கள் வாசலில் வந்து நின்று, "எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டேளே" என்று அழுதாள். அம்மா பதிலுக்கு அதையே சொன்னாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. முன்சீப் மாமி அட்டிகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். முப்பது வீட்டுத் தெரு, கோலப்பொடி இரவல் கேட்கக்கூட யோசிக்கிற தெருவாக ஆயிற்று.

அக்கா அன்றைக்கே அட்டிகையின் முடிச்சைத் தானே அவிழ்த்து அம்மா மடியில் வைத்தாள். "இனிமே யார் வந்தாலும் இன்னொருத்தர் நகையைப் போட்டுண்டு வந்து உக்கார மாட்டேன்" என்றாள். வாத்தியார் டிரெயினிங்கில் சேர்கிறேன் என்றாள். "எங்க வம்சத்துல பொண்ணுகள் வேலைக்குப் போனதில்லை" என்று அப்பா குதித்தார். குதித்து முடித்த பிறகு வேறு வழி என்ன என்று யாரும் சொல்லவில்லை. அக்கா நின்ற படிப்பை முடித்து, டிரெயினிங் போனாள். சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ளாமல் ஸ்வாமி படத்தைக் காட்டினார். அடுத்த மாதத்திலிருந்து வாங்கிக்கொண்டார்.

இதற்குள் நிலைமை சரியாகிவிட்டதாகச் சொன்னார்கள். கம்பெனியில் மறுபடி ஆள் எடுத்தார்கள். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். துரை மாறியிருந்தார். பாதிச் சம்பளத்துக்கு இருபது வயதுப் பையன்கள் வரிசையில் நின்றார்களாம். அப்பா திரும்பி வந்து, "இன்னும் முழுசாச் சரியாகலையாம்" என்றார். அதையே அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஜவுளிக்கடையில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கணக்கு எழுதினார், அவ்வளவுதான்.

அக்காவின் சம்பளத்தில் மின்சாரம் திரும்பி வந்தது. காப்பி இரண்டு வேளையாயிற்று. நான் தொடர்ந்து பள்ளிக்கூடம் போனேன். அக்காவுக்கு இருபத்திரண்டு நடக்கும்போது, அவளோடு வேலை பார்த்த டீச்சரின் அண்ணாவுக்கு அவளைக் கேட்டார்கள். தபாலாபீஸில் வேலை. நகை, சீர், எதுவும் வேண்டாம் என்றார்கள். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது இரண்டு தடவை தலை வாரிக்கொண்டாள்.

அடுப்படியில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"ஏன்னா, நல்ல இடம். ஒரு பைசா வேண்டாங்கறா" என்றாள் அம்மா.

"நல்ல இடம்தான், யார் இல்லேன்னா? அவ போயிட்டா நாம எதுல சாப்பிடறது? சின்னவளுக்கு ஒரு வழி பிறக்கட்டும். ரெண்டு வருஷம் போகட்டும்."

அம்மா அழுதாள். ஆனால் மறுத்துப் பேசவில்லை. அந்த இடத்துக்கு என்ன பதில் சொன்னார்களோ, அவர்கள் பிறகு வரவில்லை. அக்கா எதுவும் கேட்கவில்லை. தலையை ஒரு தடவை வாரிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

எனக்குப் பதினாறு முடிந்ததும் என்னைப் பார்க்க வந்தார்கள். அட்டிகை புதிது. அக்கா சீட்டுக் கட்டி வாங்கியது. கெம்பு எல்லாம் ஒரே நிறம். அவளே என் பின்னால் நின்று கயிற்றை முடிந்தாள். "இது உன்னோடதுடி. யார் கேட்டாலும் தைரியமா நிமிர்ந்து சொல்லு" என்றாள்.

வந்த மாமி அட்டிகையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. சமையலறை வாசலில் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்துவிட்டு, "மூத்தவளுக்கு இன்னும் ஆகலையா?" என்று கேட்டாள். மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்வதென்றால் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று கேட்கத்தானே செய்வார்கள்.

"அவ வேலைக்குப் போறா" என்றார் அப்பா.

அது பதிலாகவில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லை. நாங்க எத்தனையோ சொல்லிப் பார்த்துட்டோம்" என்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அட்டிகைக்காகப் பொய் சொன்னபோது ஓங்கின குரல், இப்போது ஓங்கவில்லை. அம்மா பழகிக்கொண்டுவிட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். தபாலாபீஸ்காரர் விஷயம் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து சொல் என்று சற்று முன்புதான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண் பார்க்க உட்கார்ந்தவள் தலை குனிந்திருந்தால் யார் தப்புச் சொல்லப் போகிறார்கள்? எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.

"பஜ்ஜி ஆறிடப் போறது, எடுத்துக்கோங்கோ" என்றாள் அக்கா.