நான் சொல்லாமல் விட்ட கேள்வி

எனக்கு ஆங்கிலம் சோறு போடும் மொழி. ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. சரக்கு தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டு இருபது விதமாகக் கடிதம் எழுதத் தெரியும். அதே ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு தாயின் வாயை நான் அடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சூழல் கிராமங்களைப் பற்றி இணையத்தில் படிக்க ஆரம்பித்தேன். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி, மண்ணால் வீடு கட்டி, சூரிய ஒளியில் விளக்கெரித்து, தின்பதைத் தாங்களே விளைவித்துக்கொள்ளும் ஊர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கியது இப்போது எல்லாக் கண்டங்களிலும் பரவிவிட்டது. சனிக்கிழமைகளில் அவர்களுடைய இணையக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக பிரேசில், ஜப்பான், கென்யா. எல்லார் முதுகுக்குப் பின்னாலும் மரங்கள். எனக்குப் பின்னால் காலடிப்பேட்டை வீட்டின் ஜன்னல். அதைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் நான் பேசுவது யாருக்கும் கேட்காது என்று மூடியே வைத்திருப்பேன். அப்படியொரு ஊருக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கூட்டங்களில் பழக்கமான இருவர் ஒரு மார்ச் மாதம் சென்னைக்கு வந்தார்கள். ஒருவர் முப்பது வருடங்களாக அப்படியொரு ஊரில் வாழும் வெள்ளைக்கார அம்மா. மற்றவர் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். அவருடைய ஊர் புதிதாகக் கட்டியதில்லை. இருந்த பழைய கிராமமே கூடிப் பேசித் தன்னை மாற்றிக்கொண்டதாம். ஆலைகளுக்கு நடுவே வாழ்கிறவர்களையும் பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். அனல்மின் நிலையங்களின் சாம்பல் வந்து படியும் எண்ணூருக்கு அழைத்துப் போனேன். மொழிபெயர்ப்பாளரும் நானே.

குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் இருபது பெண்கள் வந்திருந்தார்கள். வெள்ளைக்கார அம்மா தன் ஊரின் கதையைச் சொன்னார். நான் உற்சாகமாகத் தமிழில் சொன்னேன். அப்போது ஒரு பெண் எழுந்து நின்றாள். கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவள், நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவள் மகள், வாயால் மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க ஊர்ல காத்து நல்லா கீதுன்னு சொல்றாங்கல்ல? என் பொண்ணுக்கு வீசிங்கு. மாசத்துல நாலு தபா ஆஸ்பத்திரில புகை வெக்கிறோம். எடத்த மாத்துங்கன்றாரு டாக்டரு. எங்க போறது? கேளும்மா இவங்கள. என் பொண்ண இட்டுகினு போயி வெச்சுக்குவாங்களா? நான் வோணாம், அவ மட்டும். இல்லாங்காட்டி இந்தச் சாம்பல நிறுத்தறதுக்கு இன்னா பண்ணுவாங்க? சும்மா பாத்துட்டுப் போவத்தான் வந்தாங்களா?"

வெள்ளைக்கார அம்மா என் பக்கம் சாய்ந்து காத்திருந்தார். அந்த வாரம்தான் அவருடைய ஊரில் ஒரு வருடம் தங்கிப் பயில விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், ஒரே ஒரு இடத்துக்கு நானும் அந்தக் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"புகையால் இவருடைய மகளுக்கு மூச்சுத் திணறல். நீங்கள் வந்ததில் சந்தோஷம் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "யோசிச்சுச் சொல்றாங்களாம் அக்கா" என்றேன்.

எனக்கு இடம் கிடைத்தது. ஒரு வருடம் அங்கே இருந்தேன். அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தேன், பனி வாரினேன். புதிதாக ஊர் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் மாதாமாதம் எங்கெங்கிருந்தோ வந்து கற்றுக்கொண்டு போனார்கள். ஒருநாள் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது, ஒவ்வொன்றையும் காலடிப்பேட்டையில் செய்வதுபோலப் படபடவென்று உதறினேன். "ஏன் அப்படிச் செய்கிறாய்?" என்று உடனிருந்தவள் கேட்டாள். சாம்பல் போக என்று சொல்ல வாயெடுத்தேன். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போனேன். அவள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டத நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்மே."

"எப்படிக்கா?"

"நான் எம்மா நேரம் பேசுனேன், நீ ரெண்டு வார்த்த சொன்ன. அந்தம்மா சிரிச்சுது. நான் கேட்டது அதுக்குத் தெரிஞ்சிருந்தா சிரிச்சிருக்குமா?"

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"இன்னான்னு கேக்கறது? நீயும் எப்படா கெளம்பலாம்னு பாத்துகினு இருந்த. மூஞ்சில எழுதி ஒட்டியிருந்துச்சு."

அவள் திட்டவில்லை. முறத்தை நகர்த்தி நான் உட்கார இடம் கொடுத்தாள்.

அன்றே அவளுடைய இரண்டு கேள்விகளையும் அப்படியே எழுதி இருவருக்கும் அனுப்பினேன், நான் செய்ததையும் சேர்த்து. வெள்ளைக்கார அம்மாவின் பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது. அடுத்த ஞாயிறு அதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். தாய் தகப்பன் இல்லாமல் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள முடியாது, காத்திருப்போர் பட்டியலும் நீளம், சாம்பலுக்குத் தன்னிடம் பதில் இல்லை. கடைசி வரியையும் விடாமல் படித்தேன். எனக்கான இடம் இன்னும் இருக்கிறதாம்.

"வெயிட்டிங் லிஸ்ட்டா? ஹவுசிங் போர்டு மாதிரியா?" என்று சிரித்தாள். பிறகு, "நீ போறியா?" என்றாள்.

"இல்லக்கா."

"ஏன்? போயேன். நல்ல காத்து." குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆப்பிரிக்க ஆசிரியரின் பதிலில் கேள்விகள்தான் இருந்தன. அந்தப் பெண்கள் எங்கே கூடுவார்கள்? அவர்களுக்கு முதலில் வேண்டியது என்ன? இப்போது மாதம் ஒரு ஞாயிறு அதே கூடத்தில் கூடுகிறோம். என் போனில் அவரும் வருகிறார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்கிறேன். அதனால் கூட்டம் இழுத்துக்கொண்டே போகிறது, சிலர் பாதியில் எழுந்து போகிறார்கள். சாம்பல் பற்றி ஒரு மனு எழுதியிருக்கிறோம். இதுவரை நடந்தது அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் மகளைத் திருத்தணிப் பக்கம் அத்தை வீட்டில் சேர்த்துவிட்டார்கள். இழுப்பு குறைந்திருக்கிறது. அம்மா பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பார்க்கிறாள்.

"போன தபா போயிருந்தேன்மே. நான் சாப்ட்டு முடிக்கல, உனக்கு எத்தினி மணிக்கு ட்ரெய்னும்மான்னு கேக்குது பொண்ணு. அங்கியே பழகிட்ச்சு, இன்னா பண்றது" என்றாள்.

அவள் இறாலைக் கழுவச் சட்டியை நீட்டினாள். நான் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினேன்.