கை பொறுக்கும் சூடு

ஆரணிக் கடைத்தெருவில் உள்ள ஒரு பட்டுக் கடையின் முகப்புக் கண்ணாடியில், கீழ்மூலையிலிருந்து மேலே ஓடும் மெல்லிய விரிசல் ஒன்று இருந்தது. அதை உண்டாக்கியவர் என் அண்ணி. நேற்றுவரை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் கண் தானாக அந்த மூலைக்குத்தான் போகும்.

அண்ணி பட்டு நூலை வேகவைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். நூலின் மேலிருக்கும் பசை, சோப்புத் தண்ணீர் தளதளவென்று கொதித்தால்தான் இறங்கும். அந்த ஆவியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கடைகளுக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது நான். தள்ளுபடி போஸ்டர் ஒட்டிய கோந்து, பச்சைத் தண்ணீரில் எவ்வளவு சுரண்டினாலும் போகாது. வெந்நீர் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும் என்பது அண்ணியின் கணக்கு. கணக்கு சரிதான். கொதிதான் தப்பு.

எங்களுக்குக் கிடைத்த முதல் கடை அது. நல்லபடியாக முடிந்தால் தெருவே எங்களைக் கூப்பிடும். சொதப்பினால் அண்ணி மறுபடி அந்த ஆவிக்குள்தான் போகவேண்டும். மார்கழிக் காலை. டீக்கடை அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை, பனியில் சில்லிட்டுக் கிடந்த கண்ணாடியின் மேல் பட்டறைப் பழக்கத்தில் அப்படியே ஊற்றிவிட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம். கீழ்மூலையிலிருந்து விரிசல் மேலே ஓடியது.

முதலாளி வெளியே வந்தார். நான் பனியைக் குறை சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"நான்தாங்க ஊத்திட்டேன். பட்டு நூலுன்னு நெனச்சிகினு ஊத்திட்டேன். பக்கத்துக் கண்ணாடிய நல்லபடியா செஞ்சு காட்டறேங்க. அதுவும் போச்சின்னா நானே போய்ட்றேன்."

உடைத்தவரிடமே இன்னொன்றைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? முதலாளி திட்டித் தீர்த்தார். ஆனால் தை முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது; கோந்து அப்பிய கண்ணாடியோடு வியாபாரம் பார்க்க முடியாது. வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். அண்ணி தண்ணீரை விளாவி, கையை உள்ளே விட்டு, பொறுக்கிறதா என்று பார்த்தார். ஈரத்துணியை ஒற்றி ஒற்றிக் கண்ணாடிக்கு முதலில் சூட்டைப் பழக்கினார். அப்புறம்தான் சுரண்டியையே எடுத்தார். கோந்து தோலாக உரிந்து வந்தது. முதலாளி மற்ற கண்ணாடிகளையும் கைகாட்டினார். நாங்கள் எடுத்த போஸ்டர்களில் ஒன்றையே விரிசலின் மேல் திரும்ப ஒட்டச் சொன்னதுதான் வேடிக்கை.

போஸ்டர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. இன்று எங்களிடம் தண்ணீரைச் சூடாக்கி நீளக் குழாய் வழியாக மேலே அனுப்பும் மெஷின் இருக்கிறது. அண்ணி வேலூர்ப் பக்கத்து மாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிறார்; ஆரணி என் பொறுப்பு. அவருடைய இருமல் போன இடம் தெரியவில்லை. அதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

நேற்று விரிசல் கண்ணாடியைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். இன்று காலை அதைத் துடைக்க முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இன்னாடி, கயட்டிட்டாங்களா? அதுதானே நம்ம தொழிலுக்கு போர்டு," என்றார். பிறகு, "கைய வெச்சுப் பாத்துட்டு ஊத்து."

மெஷினில் சூட்டின் அளவு எண்ணாகவே தெரிகிறது. இருந்தாலும் வாளிக்குள் கையை விட்டேன். பொறுத்தது. துணியை நனைத்து, புதுக் கண்ணாடியின் கீழ்மூலையில் முதலில் வைத்தேன்.