காற்றைப் பிடுங்கிய வாட்ச்மேன்

எங்கள் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டு வாட்ச்மேனுக்கு யூனிபாரம் பெரியது, ஆள் சிறியவர். உள்ளே வரும் சைக்கிள் டயரையெல்லாம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். அந்த விரல்மேல் எனக்கு ஒரு கண்.

வடக்குப்பட்டு ரோட்டில் லாரிகள் தோண்டிய பள்ளத்துக்குப் பயந்து, என் சைக்கிளுக்குத் தடி டயர் போட்டிருந்தேன். நாலாம் கிளாஸ் தாண்டாத மூளை, தடி டயருக்குக் காற்றும் நிறைய வேண்டும் என்றது. அடித்தேன். இடுப்பு வலி, முழங்கால் வலியில் லைனில் நின்று வேலை பார்க்க முடியவில்லை. இப்படியே போனால் வேலை போய்விடும்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தால், அவர் என் டயரில் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பெர்சு, பஞ்சர் கடை உன் மச்சானுதா?"

"கல்லு மாதிரி காத்தடிச்சிகினு, அகல டயரு இன்னாத்துக்குடா? குலுங்குறத டயரு வாங்கணும், உன் இடுப்பு இல்ல. ஓட்டிப் பாரு."

ஓட்டினேன். மெத்தையில் போவது போல இருந்தது. அதில்தான் சந்தேகம் கூடியது. டீகூடக் கேட்காமல் ஒருத்தர் எனக்கு ஏன் நல்லது செய்ய வேண்டும்?

மறுநாள் வண்டியைத் தூணுக்குப் பின்னால் ஒளித்து நிறுத்தினேன். சாயங்காலம் பார்த்தால், சீட்டு ஒரு விரல் உயர்ந்திருந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடலாம் என்றுதான் நினைத்தேன். ரூமுக்குப் போய் இறங்கினால், முழங்கால் வலியும் காணோம்.

இன்றுவரை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை மட்டும் தினம் இடம் மாற்றி நிறுத்துகிறேன்.